அறியாத குறி வந்தால் எக்ஸ்போர்ட்டர் என்ன செய்ய வேண்டும்?

மூல ஃபைலில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

    {{எச்சரிக்கை: இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது}}

எழுதியவர் பழகிய எடிட்டரில், இரட்டை நெளி அடைப்புக்குறிக்குள் எழுதினால் சிவப்புப் பெட்டி வரும். நீங்கள் எழுதிய எக்ஸ்போர்ட்டருக்கு அந்தக் குறி தெரியாது. இந்த இடத்தில் நிரல் எதையாவது செய்தாக வேண்டும். வரியை மொத்தமாக விட்டுவிட்டு மேலே போகலாம். அடைப்புக்குறிகளைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதைச் சாதாரண வாக்கியமாக அச்சிடலாம். பார்த்ததைப் பார்த்தபடியே அடைப்புக்குறிகளோடு அச்சிடலாம். இல்லையென்றால், ‘இது எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லி நின்றுவிடலாம். நான்குமே நடைமுறையில் இருப்பவை. பெயர்பெற்ற கருவிகள் ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒரு வழியில்தான் போகின்றன.

முதல் வழியில் போனால் பிடிஎஃப் அழகாக வரும். எந்தப் பக்கத்திலும் குறை தெரியாது. மாத்திரை பற்றிய எச்சரிக்கை மட்டும் இருக்காது. எழுதியவர் தன் ஃபைலைத் திறந்து பார்த்தால் வரி அங்கேயே இருக்கும். அதனால் அவருக்குச் சந்தேகம் வராது. வாசிப்பவருக்கோ அப்படியொரு வரி இருந்ததே தெரியாது. இதைத் தடுக்கத்தான் இந்த அத்தியாயம். எழுதியவரின் சொல் அச்சில் அலங்கோலமாக வரலாம், எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கலாம், அதையெல்லாம் சரிசெய்துகொள்ள முடியும். யாருக்கும் தெரியாமல் சொல் காணாமல் போனால் சரிசெய்ய ஆளே இல்லை.

அச்சகத்தில் ஈய எழுத்தைக் கோத்த காலத்தில், கையெழுத்துப் பிரதியில் ஒரு சொல் புரியாவிட்டால் அச்சுக்கோப்பவர் அதைத் தூக்கிப் போட்டுவிட மாட்டார். தனக்குத் தெரிந்தவரை கோத்து, புரூஃபில் கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கு அனுப்புவார். எக்ஸ்போர்ட்டர் செய்ய வேண்டியதும் அதுதான்: இருப்பதை வைத்துக்கொள்வது, இடத்தைக் காட்டுவது, உரியவரிடம் சொல்வது.

விட்டுவிடும் கருவிகள்

யூனிக்ஸின் ஆவண வடிவமைப்பு நிரலான டிராஃப் இதில் மூத்தது. அதில் வரியின் தொடக்கத்தில் புள்ளி இருந்தால் அந்த வரி கட்டளை. ஒற்றை மேற்கோள்குறி இருந்தாலும் கட்டளைதான். கட்டளையின் பெயர் தெரியாவிட்டால் அந்த வரியை டிராஃப் பேசாமல் தாண்டிவிடும். இப்போது நினைத்துப் பாருங்கள்: யூனிக்ஸ் உலகில் புள்ளியில் தொடங்கும் ஃபைல் பெயர்கள் ஏராளம். கையேட்டுப் பக்கம் எழுதுபவர் ஒரு வாக்கியத்தை மடக்கி எழுதும்போது அப்படியொரு ஃபைல் பெயர் தற்செயலாக வரியின் முதலில் வந்து உட்கார்ந்தால், அந்த வரி முழுவதும் மறைந்துவிடும். வாக்கியத்தின் முன்பாதியும் பின்பாதியும் ஒட்டிக்கொண்டு, அர்த்தம் கொஞ்சம் பிசகிய ஒரு புது வாக்கியம் அங்கே நிற்கும். டிராஃபின் க்னூ வடிவமான க்ராஃப் இதற்கு எச்சரிக்கை வைத்திருக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. அனுபவசாலிகள் அப்படிப்பட்ட வரியின் தொடக்கத்தில் \& என்று ஒரு காப்பு போட்டு எழுதுவார்கள். அந்தக் காப்பின் அவசியம் தெரியாதவர்தான் வரியை இழக்கிறார். தெரியாதவருக்காகத்தான் எச்சரிக்கை இயல்பாகவே வர வேண்டும்.

எச்டிஎம்எல் இன்னும் யோசித்துச் செய்தது. 1995இல் வந்த எச்டிஎம்எல் 2.0 வரையறையிலேயே, அறியாத டேக் இல்லாதது போலக் கொள்ளப்படும், அதனுள்ளே இருக்கும் உரை மட்டும் வழக்கம்போல் வரும் என்று விதி இருந்தது. அதாவது உறையைக் களைந்துவிட்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது. இந்த ஒரு விதியால்தான் பழைய பிரவுசரில் புதிய பக்கங்கள் ஓரளவாவது படிக்கக் கிடைத்தன. புதிய டேக்குகளும் பயமின்றி வந்தன. ஆனால் இதிலும் ஒரு விரிசல் உண்டு. உறைக்குள் இருப்பது எப்போதும் வாசிப்பதற்கான உரையாக இருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் வந்த புதிதில், ஸ்கிரிப்ட் டேக்கை அறியாத பிரவுசர்கள் நிரல் வரிகளைப் பக்கத்தின் நடுவே பத்தியாகக் காட்டின. அதை மறைக்க, ஸ்கிரிப்டின் உள்ளடக்கத்தைக் கமெண்ட் குறிகளுக்குள் வைத்து எழுதும் வழக்கம் வந்தது. காரணம் போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்த வழக்கம் பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே உறையைக் களைவதை நான் பொது வழியாகப் பரிந்துரைக்க மாட்டேன். மாத்திரை எச்சரிக்கை விஷயத்தில் வாக்கியம் தப்பிவிடும், உண்மைதான். ஆனால் அது எச்சரிக்கை என்ற செய்தி போய்விடும். தவறு நடந்ததற்கு அடையாளமே பக்கத்தில் இருக்காது. அடைப்புக்குறிகளோடு அச்சாகியிருந்தால் புரூஃப் பார்ப்பவரின் கண் அங்கே நின்றிருக்கும்.

நின்றுவிடும் கருவிகள்

அச்சுக்கோப்பு நிரலான டெக்கில் அறியாத கட்டளை வந்தால், வரையறுக்கப்படாத கட்டளை என்று சொல்லி, வரி எண்ணைக் காட்டி, அடுத்து என்ன செய்வது என்று உங்களையே கேட்டு நிற்கும். 1998இல் வந்த எக்ஸ்எம்எல் இன்னும் கடுமையானது: வடிவம் பிசகிய ஆவணத்தைக் கண்டால் பார்சர் வழக்கமான வேலையைத் தொடரவே கூடாது என்பது அதன் விதி. கணக்குப் பதிவுகளும் இயந்திரங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் தகவல்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதே கண்டிப்பை இணையப் பக்கங்களுக்குக் கொண்டுவர நடந்த முயற்சி நிலைக்கவில்லை. ஒரு டேக்கை மூட மறந்தால் பக்கம் முழுவதும் போய்ப் பிழைச் செய்தி மட்டும் தெரிவதை யாரும் ஏற்கவில்லை. எக்ஸ்எச்டிஎம்எல் 2 பணியை 2009இல் நிறுத்தினார்கள். பின்னர் எச்டிஎம்எல்5, பிழையான பக்கத்தையும் எல்லா பிரவுசர்களும் ஒரே மாதிரி எப்படிப் படிக்க வேண்டும் என்று படிப்படியாக எழுதிவைத்தது.

மனிதர் எழுதும் ஆவணத்துக்கு, நிற்பது இயல்பு நிலையாக இருக்கக் கூடாது என்பதே என் முடிவு. முந்நூறு பக்கப் புத்தகத்தில் ஒரு குறி புரியவில்லை என்பதற்காக மீதிப் பக்கங்களைப் பார்க்க விடாமல் செய்வது எழுதுபவரின் வேலையைக் குலைக்கும். எழுதும்போது அவருக்குப் பக்கம் வேண்டும், அரைகுறையாகவாவது. வெளியிடும் நேரம் வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஈமாக்ஸின் ஆர்க் மோடு இந்த இரண்டு நேரங்களின் வேறுபாட்டையும் ஓரிடத்தில் நன்றாகவே கையாள்கிறது. ஃபைலுக்குள் இல்லாத ஓரிடத்துக்கு இணைப்பு கொடுத்திருந்தால், இயல்பில் எக்ஸ்போர்ட் நின்றுவிடும். ஒரே ஒரு அமைப்பை மாற்றினால், உடைந்த இணைப்பு இருந்த இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘இது உடைந்த இணைப்பு’ என்ற குறிப்பும் இணைப்பின் முகவரியும் அச்சாகும். மூன்றாவதாக, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் அமைப்பும் உண்டு. நடுவில் உள்ள ‘குறித்துக் காட்டு’ என்பதை இயல்பாக வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மூன்றையும் எழுதுபவர் கையில் கொடுத்தது பெரிய விஷயம். அதே ஆர்க் மோடு, வரையறுக்காத மேக்ரோவைக் கண்டால் நின்றுவிடுகிறது. இணைப்புக்கு இருக்கும் அந்த மூன்று தெரிவு அங்கே இல்லை. ஒரே கருவிக்குள் அறியாதவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடத்தப்படுவதை நீங்கள் பல இடங்களில் காண்பீர்கள். உங்கள் கருவியில் ஒரே கொள்கை இருக்கட்டும், ஒரே இடத்தில் எழுதியிருக்கட்டும்.

அப்படியே அச்சிடும் கருவிகள்

2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுனில் பிழை என்ற ஒன்றே கிடையாது. பத்தாண்டுக்குப் பின் ஜான் மெக்ஃபார்லேனும் மற்றவர்களும் அதற்குத் துல்லியமான வரையறை எழுதத் தொடங்கி, காமன்மார்க் என்று பெயரிட்டார்கள். அந்த வரையறையின்படி எழுத்துகளின் எந்த வரிசையும் செல்லுபடியாகும் ஆவணம்தான். குறியாகப் புரியாதது எல்லாம் உரை. நம் மாத்திரை வரியும் நெளி அடைப்புக்குறிகளோடு அப்படியே வந்துவிடும். சொல் தொலையாது. நான் மார்க்டவுனை மதிக்க இதுவே முதல் காரணம்.

ஆனால் பிழை என்ற ஒன்றே இல்லாதபோது, பிழையைச் சுட்டிக்காட்டவும் யாரும் இல்லை. தமிழில் எழுதுபவர்கள் அடிக்கடி இடறும் ஓரிடம் இது:

    **“திருக்குறள்”**இல் இந்த அதிகாரம்
    *திருக்குறள்*இல் இந்த அதிகாரம்
    _திருக்குறள்_இல் இந்த அதிகாரம்

இரண்டாவது வரி சாய்வெழுத்தாக வரும். முதல் வரியில் தடித்த எழுத்து வராது. நான்கு நட்சத்திரங்களும் பக்கத்தில் தெரியும். மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறி இருந்து, பின்னால் எழுத்து வந்தால் அதை மூடும் குறியாகக் கொள்ளக் கூடாது என்பது காமன்மார்க் விதி. மேற்கோள்குறி இங்கே நிறுத்தக்குறி, ‘இ’ எழுத்து. மூன்றாவது வரியும் சாயாது. சொல்லுக்கு நடுவே வரும் அடிக்கோடு குறியாகக் கொள்ளப்படாது. சொல்லுக்குப் பின் இடைவெளி விடும் மொழிகளை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதும் நமக்கு அது பொருந்துவதில்லை. நிரல் விதிப்படிதான் நடந்தது, ஆனால் எழுதியவர் தடித்த எழுத்தைத்தான் கேட்டார். இப்படி ‘குறி போலத் தோன்றுகிறது, ஆனால் குறியாகவில்லை’ என்ற இடங்களை நிரலால் கண்டுபிடிக்க முடியும்: சோடி சேராமல் எஞ்சிய நட்சத்திரங்கள், அடிக்கோடுகள், திறந்து மூடாத அடைப்புகள். உரையாக அச்சிடுங்கள், கூடவே ஒரு வரி சொல்லுங்கள்.

இதைவிட மோசமானது தவறாக அடையாளம் காண்பது. பல கருவிகள் ஃபைலின் தலையில் தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களை மூன்று சிறுகோடுகள் (---) கொண்ட இரண்டு வரிகளுக்கு இடையே வைக்கின்றன. அதை அறியாத காமன்மார்க் பார்சர் முதல் மூன்று கோட்டைக் கிடைக்கோடாக வரையும். விவர வரிகளையும் அடுத்து வரும் மூன்று கோட்டையும் சேர்த்து இரண்டாம் நிலைத் தலைப்பாக மாற்றும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதியும் ஆசிரியர் பெயரும் ஒரு பெரிய தலைப்பாக நிற்கும். பார்சர் எதையும் ‘அறியாததாக’ எண்ணவில்லை. எனவே எச்சரிக்கையும் வராது. உங்கள் கருவி ஆதரிக்காத, ஆனால் பரவலாகப் புழங்கும் வடிவங்களின் முகத்தையாவது அதற்குப் பழக்கிவையுங்கள். ஆதரிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ‘இது ஃபைல் விவரம் போலிருக்கிறது, நான் அதைப் படிப்பதில்லை’ என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

இன்னொரு ஆபத்து, மூடாத குறி. காமன்மார்க்கில் கோட் பிளாக்கைத் திறந்துவிட்டு மூட மறந்தால் ஆவணத்தின் இறுதி வரை கோட் ஆகிவிடும். அது கண்ணுக்காவது தெரியும். வரியின் தொடக்கத்தில் எச்டிஎம்எல் கமெண்டைத் திறந்துவிட்டு மூடாவிட்டால், அங்கிருந்து கடைசி வரி வரை எல்லாம் கமெண்டாகவே எச்டிஎம்எல்லுக்குப் போகும். பிரவுசரில் ஒன்றுமே தெரியாது. பிழையே இல்லாத மொழியிலும் பாதிப் புத்தகம் இப்படித் தொலையலாம். உங்கள் பார்சரில், திறந்த குறி ஃபைல் முடியும்வரை மூடப்படவில்லை என்றால் பின்வாங்கி, திறந்த குறியை வெறும் உரையாகக் கொண்டு, அதன் பின்னால் வந்ததை மறுபடி வழக்கம்போல் படிக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கையில் ஃபைலின் கடைசி வரி எண்ணைத் தராதீர்கள். குறி திறந்த வரியின் எண்ணைத் தாருங்கள். திருத்த வேண்டியவர் போக வேண்டிய இடம் அதுதான்.

நான் பின்பற்றச் சொல்லும் முன்மாதிரி

பைத்தான் உலகின் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் மொழியைப் படிக்கும் டாக்யூட்டில்ஸ் நிரலை ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். அறியாத கட்டளைத் தொகுதி வந்தால், ‘இந்த வகைக் கட்டளை தெரியாது’ என்ற செய்தியையும், அந்தத் தொகுதியின் மூல உரையை எழுத்து மாறாமலும், ஆவணத்தின் அதே இடத்தில் வைக்கிறது. வரிக்குள் அறியாத குறி வந்தால் அதைச் ‘சிக்கலானது’ என்ற தனி வகைக் கணுவாக ஆவண மரத்தில் வைத்து, செய்திக்கு இணைப்பும் கொடுக்கிறது. செய்திகளுக்குத் தகவல், எச்சரிக்கை, பிழை, கடும்பிழை என்று 1 முதல் 4 வரை படிநிலை. எந்த நிலையிலிருந்து சொல்ல வேண்டும், எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதற்கு இரண்டு தனித்தனி அமைப்புகள். இயல்பில் 2லிருந்து சொல்லும், 4இல் நிற்கும். அறியாத கட்டளை 3. ஆகவே சொல்லும், காட்டும், நிற்காது. சொல்வதையும் நிற்பதையும் இரண்டு விசைகளாகப் பிரித்ததுதான் இந்த வடிவமைப்பின் உயிர்.

இதே டாக்யூட்டில்ஸின் மேல் கட்டிய ஸ்ஃபிங்ஸ், அந்தச் செய்திகளை வெளியீட்டிலிருந்து இயல்பாகவே நீக்கிவிடுகிறது. டெர்மினலில் எச்சரிக்கை வரும். ஆனால் அறியாத தொகுதியின் உள்ளடக்கம் பக்கத்தில் இருக்காது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் டெர்மினலில் அந்த ஒரு வரியை யார் பார்ப்பது? அதனால் ஸ்ஃபிங்ஸில் ஆவணம் எழுதுகிறவர்கள் எச்சரிக்கையைப் பிழையாக மாற்றும் விருப்பத்தை இயக்கிவைத்தே வெளியிட வேண்டும். உங்கள் கருவியில் டெர்மினலில் சொன்னதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். டெர்மினல் செய்தி ஓடி மறையும். பக்கத்தில் உள்ள குறி பார்க்கும்வரை காத்திருக்கும். விக்கிபீடியாவை இயக்கும் மீடியாவிக்கியில் இல்லாத வார்ப்புருவைப் பயன்படுத்தினால் அந்த இடத்தில் சிவப்பு இணைப்பு தெரிகிறதே, அதுவும் இதே பண்பு.

இரண்டு வகை ‘தெரியாது’

படிக்கும் பகுதிக்குத் தெரியாதது ஒன்று. படிக்கும் பகுதிக்குத் தெரிந்து, எழுதும் பகுதியால் முடியாதது இன்னொன்று. அடிக்குறிப்பை உங்கள் பார்சர் நன்றாகவே புரிந்துகொள்ளும். வெளியீட்டு வடிவத்தில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. இங்கே மூலக்குறியை அப்படியே அச்சிடுவது தவறு; கருவிக்குப் பொருள் தெரியும், எனவே பொருளைக் காப்பாற்றும் மாற்று வடிவம் தர வேண்டும்: எண்ணிட்டு, அத்தியாய இறுதியில் வைப்பது போல. இணைந்த கட்டங்கள் கொண்ட அட்டவணையைப் பிரித்து, உள்ளடக்கத்தை ஒரு கட்டத்தில் வைக்கலாம். வடிவம் குறைந்தது என்று ஒரு எச்சரிக்கை போதும்.

பேசாமல் விடுவது நியாயமாகும் இடம் ஒன்று உண்டு. ஆர்க் மோடிலும், ஆவண வடிவங்களை மாற்றித் தரும் பான்டாக்கிலும், ‘இந்தத் தொகுதி லேடெக்குக்கு மட்டும்’ என்று எழுதியவரே குறித்து வைக்கலாம். எச்டிஎம்எல்லுக்கு எக்ஸ்போர்ட் செய்யும்போது அதை விடுவது அவர் சொன்னபடி நடப்பது. கமெண்டும் அப்படியே. விடச் சொன்னவர் எழுதியவராக இருக்க வேண்டும், கருவியாக இருக்கக் கூடாது. இந்தக் கோட்டை மட்டும் தாண்டாதீர்கள்.

மொழியையும் நீங்களே வடிவமைப்பதானால், பெயர் தெரியாவிட்டாலும் எல்லை தெரியும்படி ஒரு பொது உறை வையுங்கள். ஆர்க் மோடில் தொடக்கமும் முடிவும் குறித்த எந்தப் பெயருள்ள தொகுதியும், தெரியாத பெயராக இருந்தாலும், எச்டிஎம்எல்லில் அதே பெயர் கொண்ட பகுதியாகவும் லேடெக்கில் அதே பெயர் கொண்ட சூழலாகவும் போகும். உள்ளடக்கம் வழக்கம்போல் அலசப்படும். 1996இல் வந்த பிஎன்ஜி பட வடிவம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கெழுத்துப் பெயர். முதல் எழுத்து பெரிய எழுத்தானால் அந்தத் துண்டு இன்றியமையாதது, அறியாத நிரல் பிழை சொல்ல வேண்டும். சிறிய எழுத்தானால் விட்டுவிடலாம். இருபது ஆண்டுக்குப் பின் வரப்போகும் துண்டைக்கூடப் பழைய நிரல் சரியாக நடத்தும். கிட்ஹப் எச்சரிக்கைப் பெட்டிகளுக்கு மேற்கோள் பத்தியின் குறியையே பயன்படுத்துவதும் இதே அக்கறைதான்: அறியாத கருவியில் அது மேற்கோளாக வரும், ஒரு சொல்லும் போகாது.

நிரலில் எப்படி எழுதுவது

பார்சர் கட்டும் மரத்தில் ‘அறியாதது’ என்று ஒரு கணு வகை இருக்க வேண்டும். அதில் மூல உரையின் அந்தத் துண்டும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் இருக்கட்டும். பார்சருக்குள்ளேயே முடிவெடுத்து வெறும் உரையாக மாற்றிவிட்டால், பின்னால் வரும் பகுதிக்கு அது குறியாக இருந்ததே தெரியாது. வேறொரு நீட்சி வந்து அதைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பும் போய்விடும்.

‘அப்படியே அச்சிடு’ என்பது வாசிப்பவர் கண்ணுக்கு அப்படியே என்று பொருள். பைட்டுகளை அப்படியே கொட்டினால் எச்டிஎம்எல்லில் கோணக்குறிகள் டேக் ஆகிவிடும். லேடெக்கில் பின்சாய்கோடும் விழுக்காட்டுக் குறியும் நெளி அடைப்பும் கட்டளைகளாகி, உங்கள் கருவி நிற்காத இடத்தில் லேடெக் நிற்கும். விழுக்காட்டுக் குறி இன்னும் கெடுதல்: அதன் பின்னால் அந்த வரியில் உள்ளது முழுவதும் லேடெக்குக்குக் கமெண்ட், பேசாமல் போய்விடும். எனவே வெளியீட்டு வடிவத்துக்கு ஏற்ற காப்பு அவசியம். பிறர் எழுதிய உரையை இணையத்தில் காட்டும் கருவியானால் இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. கிட்ஹப்பின் மார்க்டவுன் வரையறையில் ஸ்கிரிப்ட், ஐஃப்ரேம் உள்ளிட்ட ஒன்பது டேக்குகளை நீக்காமல், அவற்றின் தொடக்கக் கோணக்குறியை மட்டும் எழுத்தாக மாற்றிவிடுகிறார்கள். டேக் இயங்காது, ஆனால் கண்ணுக்குத் தெரியும்.

தமிழ்ப் பெயர்களை அனுமதிக்கும் மொழியில் ‘தெரியாது’ என்று சொல்லும் முன் ஒரு வேலை இருக்கிறது. ‘தொகுப்பு’ என்ற பெயரில் உள்ள ‘தொ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு வெவ்வேறு சொற்கள். இரண்டு பக்கத்தையும் யூனிகோடின் சேர்த்தெழுதும் இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் இந்தப் பிணக்கு தீரும். ஔகாரக் குறியில் அது தீராது: அதன் பின்பகுதிக் குறிக்குப் பதிலாக ‘ள’ எழுத்தையே தட்டியிருந்தால் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் யூனிகோடுக்கு அது வேறு எழுத்து. அங்கே தானாக மாற்றாதீர்கள். ‘இந்தப் பெயரையா சொல்கிறீர்கள்?’ என்று செய்தியில் பரிந்துரையுங்கள்.

செய்தியில் ஃபைல் பெயர், வரி எண், கண்ட துண்டு, கருவி அதை என்ன செய்தது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கடைசியானதைப் பெரும்பாலான கருவிகள் சொல்வதில்லை. எழுதுபவருக்கு மிகவும் தேவைப்படுவது அதுவே.

    மருந்து.உரை, வரி 42: ‘{{எச்சரிக்கை’ என்ற குறி தெரியாது. உரையாக அச்சிடப்பட்டது.

வரிக்குள் எத்தனையாவது எழுத்து என்ற எண்ணைத் தமிழில் நம்ப வேண்டாம். ‘கொ’ என்பது வாசிப்பவருக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறிகள், யுடிஎஃப்-8இல் ஆறு பைட்டுகள்; எடிட்டர் எதை எண்ணுகிறது என்பது எடிட்டரைப் பொறுத்தது. டெர்மினலில் கீழே அம்புக்குறி போட்டுக் காட்டினாலும் தமிழ் வரியில் அது வேறு எழுத்தின் கீழே போய் நிற்கும். துண்டையே மேற்கோள்குறிக்குள் எடுத்துக் காட்டுவதுதான் நம்பகமானது. ஒரே அறியாத பெயர் இருநூறு இடங்களில் வந்தால் இருநூறு வரி கொட்டாமல், முதல் இடத்தையும் மொத்த எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு, முழுப் பட்டியலைக் கேட்டால் தாருங்கள். கொட்டிக் கொடுத்தால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

வெளியிடும் நேரம்

எழுதும்போது நிற்காத கருவி, வெளியிடும்போது நிற்க வேண்டும். பான்டாக்கில் எச்சரிக்கை வந்தால் தோல்வி என்று கொள்ளும் விருப்பம் இருக்கிறது. ஆஸ்கிடாக் ஃபைல்களைப் படிக்கும் ஆஸ்கிடாக்டரில் எந்த நிலைச் செய்திக்குத் தோல்வி என்று கொள்வது என்பதைக் கொடுக்கலாம். அதே ஆஸ்கிடாக்டர், வரையறுக்காத மாறியைக் கண்டால் அப்படியே விடு, குறியை நீக்கு, அந்த வரியையே நீக்கு, எச்சரி என்று நான்கு தெரிவுகள் தருகிறது. இயல்பு, அப்படியே விடுவது, நல்ல இயல்புதான். வரியையே நீக்குவதை வார்ப்புரு ஃபைல்களுக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம் என்பேன்.

கண்டிப்பு முறையிலும் முதல் பிழையிலேயே நிற்காதீர்கள். ஃபைல் முழுவதையும் படித்து, எல்லாவற்றையும் ஒருசேரச் சொல்லிவிட்டு, பூஜ்யம் அல்லாத எக்ஸிட் கோடோடு முடியுங்கள். ஒன்றைத் திருத்தி ஓட்டினால் அடுத்தது, அதைத் திருத்தினால் இன்னொன்று என்று அலைய வைத்தால் எழுதுபவர் அந்தக் கண்டிப்பையே அணைத்துவிடுவார். வெளியீட்டைத் தற்காலிக ஃபைலில் எழுதி, வெற்றியானால் மட்டும் பழையதன் இடத்தில் வையுங்கள். தோற்ற ஓட்டம் நேற்றைய நல்ல பிடிஎஃப்பை அழித்துவிடக் கூடாது.

சோதனை

இந்த அத்தியாயத்தின் கொள்கையை நேராகச் சோதிக்கும் ஒரு சோதனை இருக்கிறது. எழுத அரை நாள் போதும். மூல ஃபைலில் உள்ள சொற்களை எல்லாம், குறிகளை நீக்கிப் பிரித்தெடுங்கள். வெளியீட்டிலிருந்தும் அவ்வாறே. மூலத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் வெளியீட்டில் இருக்க வேண்டும், அல்லது எச்சரிக்கைச் செய்திகளில் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லாத சொல் ஒன்று கிடைத்தாலும் சோதனை தோல்வி. தமிழ் உரையில் ஒப்பிடும் முன் முன்பு சொன்ன இயல்பு வடிவ மாற்றத்தைச் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீணான தோல்விகள் வரும்.

உங்கள் மொழியில் எழுதிய ஃபைல்களை மட்டும் இதற்குக் கொடுத்தால் பயன் குறைவு. மார்க்டவுன் எக்ஸ்போர்ட்டருக்கு ஆர்க் ஃபைலைக் கொடுங்கள், ஆஸ்கிடாக் ஃபைலைக் கொடுங்கள், விக்கிப் பக்கத்தின் மூலத்தைக் கொடுங்கள். நல்ல ஃபைல் ஒன்றை எடுத்து, எங்காவது ஒரு எழுத்தை நீக்கி, ஆயிரம் முறை ஓட்டச் சொல்லுங்கள். மூடாத குறிகள் தாமாக வெளிவரும். கமெண்ட், ஃபைல் விவரம், ‘இந்த வடிவத்துக்கு மட்டும்’ என்ற தொகுதிகள் ஆகியவற்றுக்கு விலக்கு வேண்டும். அந்த விலக்குப் பட்டியலைச் சோதனை நிரலுக்குள் ஒளித்து வைக்காமல், பயனர் கையேட்டிலேயே, ‘இவற்றை இந்தக் கருவி வெளியீட்டில் சேர்க்காது’ என்ற தலைப்பின் கீழ் அச்சிட்டு, சோதனை அந்தப் பக்கத்திலிருந்தே அதைப் படிக்கும்படி செய்யுங்கள்.